இல்லாத நாடுகளின் கொடிகள்

காப்பர் பெண்ட், மொன்டானா
செப்டம்பர் 14, 1909

மின்னா அக்காவுக்கு,

ஹெட்டி எழுதுவது. "அன்புள்ள" என்று போடவில்லை. நீ கவனிக்க வேண்டும் என்றுதான் போடவில்லை.

மூன்று வருஷமாக உனக்கு ஒரு வரி எழுதாமல் நன்றாகத்தான் இருந்தேன். இன்னும் முப்பது வருஷம்கூட இருந்திருப்பேன். எழுத வைத்தது உன் பத்திரிகை. நியூயார்க்கில் அச்சடிக்கிற ஞாயிற்றுக்கிழமை வண்ணப் பக்கங்கள் இந்தச் செம்புச் சுரங்க ஊருக்கும் வருகின்றன. அதில் கேப்டன் ட்விக் படக்கதை என்றால் என் வீட்டுக்காரர் எம்ரிஸுக்கு உயிர். வாரம் முழுக்கப் பூமிக்கு அடியில் இருட்டில் கிடந்துவிட்டு வருகிற மனிதர், அந்தக் கிழட்டுக் கப்பல்காரன் இந்த ஞாயிறு எந்த இல்லாத நாட்டில் போய் இறங்குகிறான் என்று பார்த்து விழுந்து விழுந்து சிரிப்பார். நான் அந்தப் பக்கத்தைப் படிப்பதில்லை. அதற்கு வண்ணம் தீட்டுவது யார் என்று எனக்குத் தெரியும்.

போன வாரம் அவர் ஒரு கொடியை வெட்டி அடுப்புக்கு மேலே ஒட்டினார். "இரட்டைப்பிடி ராஜ்யம்" என்ற நாட்டின் கொடியாம். நீலத் துணி, நடுவில் ஒரு பித்தளைப் பானை, இரண்டு பக்கமும் பிரம்மாண்டமான கைப்பிடிகள். இடது கைப்பிடி மட்டும் மேலே கொஞ்சம் மடங்கியிருக்கிறது.

"பாரு ஹெட்டி, என்னா லட்சணமான பானை! பார்த்தா ஏதோ நம்ம சொந்தக்காரன் மாதிரி இருக்கு" என்றார்.

அக்கா, அவருடைய இடது காது அப்படித்தான் மடங்கியிருக்கும். கடைசியாக நாம் சேர்ந்து சாப்பிட்ட அன்று நீ சொன்னதை மறந்துவிட்டேன் என்று நினைத்தாயா? "பானைக்குக் கைப்பிடி வச்ச மாதிரி காது. இவனை நம்பி எங்கடி போவே?" இதுதானே நீ சொன்னது?

தற்செயலாக இருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். இந்த ஞாயிறு வந்தது "பொடிந்தபுரம்". மஞ்சள் கொடி. நடுவில் ஒரு உருளைக்கிழங்கு மாவுருண்டை, நான்காக உடைந்து கிடக்கிறது. என் மாவுருண்டை உடைவது இந்த உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். எம்ரிஸ் அதைச் சூப் என்று நினைத்துச் சாப்பிடுகிறார்.

நாடு முழுக்க என்னை அச்சடித்துக் காட்டுகிறாயே, உனக்கு நியாயமா இது?

ஹெட்டி ப்ரோசர்

அந்தப் பானையை நான் கிழிக்கவில்லை. அவருக்குப் பிடித்திருக்கிறது, அதனால் விட்டுவைத்திருக்கிறேன். வேறு காரணம் இல்லை.


புரூக்ளின், நியூயார்க்
செப்டம்பர் 22, 1909

திருமதி ப்ரோசர் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. கொடிகளில் காணப்படும் பாத்திரங்களும் தின்பண்டங்களும் உயிருள்ள எவரையும் குறிப்பன அல்ல என்று தெரிவித்துக்கொள்கிறேன்.

இதற்கு மேல் இப்படி எழுத எனக்கு வராது, ஹெட்டி. ஆமாம், உன் மாவுருண்டைதான். பானையும் நீ நினைத்ததுதான். அது என் கைக்கு எப்படி வந்தது என்று சொல்கிறேன். படக்கதை வரைகிற திரு. ஆர்க்கட், கப்பல், ராஜா, கூட்டம், ஆடு எல்லாம் வரைந்துவிட்டுக் கொடி இருக்க வேண்டிய இடத்தை வெறும் கட்டமாக விட்டுவிடுவார். "எனக்குக் கொடின்னாலே அலுப்பும்மா. நீயே ஏதாவது ஒண்ணைப் போட்டுடு. காத்துல ஆடுற மாதிரி இருந்தா போதும்" என்பார். இந்தப் படக்கதை தொடங்கிய நாளிலிருந்து அத்தனை நாட்டுக் கொடியும் நான் போட்டதுதான்.

நீ எங்கே இருக்கிறாய் என்று இதுவரை எனக்குத் தெரியாது. "மொன்டானா போறோம்" என்று வாசலில் நின்று கத்தினாய், பிறகு கதவு அறைந்தது. மொன்டானா எவ்வளவு பெரியது என்று வரைபடத்தில் பார்த்தேன். விலாசம் இல்லாதவளுக்கு எதில் எழுதுவது? ஞாயிற்றுக்கிழமை பத்திரிகை எல்லா ஊருக்கும் போகிறது, எங்கேயாவது உன் கையில் அந்தப் பக்கம் விழும் என்று நினைத்தேன்.

விழுந்திருக்கிறது. அத்தனையிலும் திட்டின இரண்டை மட்டும் சரியாகப் பொறுக்கி எடுத்திருக்கிறாய். முதல் குளிர்காலத்தில் வந்த "ஒற்றைத் தலையணைத் தீவு" உன் கண்ணில் படவில்லையா? உன் பிறந்தநாள் வாரத்தில் பச்சைக் கொடியில் ஒரு வெள்ளை வாத்து போட்டேனே, மாமா வீட்டுத் தோட்டத்தில் உன்னைத் துரத்திய அதே வாத்து? காப்பி அரைக்கும் யந்திரம் போட்ட சிவப்புக் கொடி? (நம் வீட்டு யந்திரத்தை நீதான் எடுத்துக்கொண்டு போனாய். நான் கடையில் அரைத்த தூளைக் குடித்துக்கொண்டிருக்கிறேன். இதை எழுதும்போதே எனக்குக் கோபம் வருகிறது.)

போன கிறிஸ்துமஸுக்கு வந்ததையும் பார்க்கவில்லையா? பார்க்கவில்லை என்றால் விடு. அது என்ன என்று நான் சொல்லப் போவதில்லை.

நீயும் அன்றைக்குச் சும்மா இருக்கவில்லை. "மூக்கெல்லாம் சாயத்தோட நிக்கிற. உன்னை வேண்டாம்னு சொல்றதுக்குக்கூட ஒருத்தன் வாசப்படி ஏற மாட்டான்" என்றாய். அதற்கு நான் ஒரு கொடியும் போடவில்லை. போட்டிருக்கலாம்.

மின்னா

உருளைக்கிழங்கை முதல் நாளே வேகவைத்து ஆறவிட்டால் உருண்டை உடையாது. எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன்!


காப்பர் பெண்ட்
அக்டோபர் 5, 1909

அன்புள்ள அக்காவுக்கு,

இந்தத் தடவை போட்டிருக்கிறேன். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன், முதலில் நடந்ததைக் கேள்.

உன் கடிதத்தைப் படித்த கையோடு பழைய பத்திரிகைகளைத் தேடினேன். இங்கே பலகைச் சுவரின் இடுக்கு வழியாகக் காற்று ஊசி மாதிரி உள்ளே வரும். அதனால் படித்து முடித்த தாளை யாரும் எறிவதில்லை. மாவுப் பசை தடவிச் சுவரில் ஒட்டிவிடுவார்கள். எங்கள் வரிசையில் எல்லா வீட்டுக்கும் உள்சுவர் உன் பத்திரிகைதான். நீ எனக்கு எழுதியதெல்லாம் அக்கம்பக்கத்தார் வீட்டுச் சுவரில் இருந்திருக்கிறது, அக்கா.

முதலில் பக்கத்து வீட்டுத் திருமதி ட்ரெவெனாவிடம் போனேன். கார்ன்வால்காரி. தெரு முனையில் நின்று பேசினால் சுரங்கத்துக்குள்ளே கேட்கும். "உங்க சுவரைக் கொஞ்சம் படிச்சுக்கட்டுமா?" என்றேன்.

"சுவரையா? ஏம்மா, உடம்பு சரியில்லையா?"

விஷயத்தைச் சொன்னேன். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு முழுவதும் கேட்டாள். பிறகு அலமாரியை ஒற்றை ஆளாகத் தள்ளிவிட்டாள். "அக்கா தங்கச்சி சண்டை என் வீட்டுச் சுவர்ல ஓடுது, எனக்கே தெரியாம! வா, எல்லாத்தையும் பாத்துடலாம்."

ஒற்றைத் தலையணை அவள் அலமாரிக்குப் பின்னால் இருந்தது. வெள்ளைத் துணியில் நீலக் கோடு, அகலமான கட்டில், ஒரு பக்கம் மட்டும் தலையணை. நம் கட்டில். என் பக்கம் காலி. நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். திருமதி ட்ரெவெனா, இறைச்சி அடைத்துச் சுட்ட பாஸ்டி ஒன்றைக் கையில் திணித்து, "அழுறதுன்னா சாப்டுட்டு அழு. ரெண்டையும் ஒண்ணா செஞ்சா விக்கிக்கும்" என்றாள்.

அதற்குப் பிறகு வரிசை முழுக்க எங்களோடு சேர்ந்துகொண்டது. ஒரு வீட்டில் தாளைத் தலைகீழாக ஒட்டியிருந்தார்கள். எம்ரிஸ் சுவருக்கு முதுகைக் காட்டி நின்று, குனிந்து, கால்களுக்கு நடுவே பார்த்து, "காப்பி யந்திரம் கிடைச்சிடுச்சு!" என்று கூவினார். அவரை நிமிர்த்த இரண்டு பேர் வேண்டியிருந்தது. ஃபின்லாந்துக்காரர் வெய்க்கோவின் அறைக்குப் போனோம். அவர் வருஷத்துக்கு ஒரு வாக்கியம் பேசுகிற ஆள். நாங்கள் சொன்னதைக் கேட்டுவிட்டு, ஆணியில் மாட்டியிருந்த கோட்டை எடுத்தார். பின்னால் வாத்து!

"தினம் குட் மார்னிங் சொல்லுவேன் இதுக்கு" என்றார். இந்த வருஷத்து வாக்கியம் அது.

எல்லாம் கிடைத்தது, கிறிஸ்துமஸ் மட்டும் கிடைக்கவில்லை. ஒரு சுவர்கூட மிச்சமில்லை. சோர்ந்து வீட்டுக்கு வந்து உட்கார்ந்தேன். எம்ரிஸ் மெதுவாகக் கேட்டார்: "நம்ம சுவரைப் பாக்கலையே?"

எங்கள் சுவரில் என்ன இருக்கும்? கேப்டன் ட்விக் பக்கத்தை நான்தானே ஒட்டுவேன், முகம் உள்ளே போகும்படி. உன் மேல் இருந்த கோபம். வெளியே தெரிவதெல்லாம் பின்பக்கத்து விளம்பரம். ஒரு வருஷமாகக் கல்லீரல் மாத்திரை விளம்பரத்தைப் பார்த்துக்கொண்டே தூங்கியிருக்கிறேன்.

வெந்நீரும் துணியும் எடுத்து, கட்டிலின் தலைமாட்டில் ஊறவைத்து, எம்ரிஸ் ஒரு மூலையும் நான் ஒரு மூலையுமாக உரித்தோம். தாள் திரும்பியது. வெள்ளைக் கொடி. நடுவில் பழுப்புக் கரடி, தொப்பியைக் கழற்றி வயிற்றோடு அணைத்துக்கொண்டு, தலையைக் குனிந்து நிற்கிறது. "தலைகுனி தேசம்."

காலையில் எழுந்ததும் உறுமுகிறாய் என்று உன்னைக் கரடி என்று கூப்பிட்டது நான் ஒருத்திதான்.

"ஊரெல்லாம் தேடினியே. தலைமாட்டுலயே நின்னுக்கிட்டு இருந்திருக்காங்க பாவம்" என்றார் எம்ரிஸ். கரடியை 'அவங்க' என்றார், அக்கா. யார் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. பானையும் அன்றைக்கே புரிந்துவிட்டதாம். "காது பெருசுன்னா பெருசுதானே. அதுக்காக நாடு முழுக்கக் கொடி ஏத்துனது எனக்கு மட்டும்தான்" என்கிறார்.

உன் மூக்கில் சாயம் இருந்தால்தான் அழகு. நான் சொன்னது பொய், தப்பு, திமிர். அதற்காகத்தான் மேலே அந்த "அன்புள்ள".

ஹெட்டி


புரூக்ளின்
அக்டோபர் 14, 1909

அன்புள்ள ஹெட்டி,

உன் கடிதத்தை வேலைக்கு நடுவில் பிரித்தது பிசகு. கண்ணீர் சொட்டி, கேப்டன் ட்விக்கின் கடல் பாதி வெளுத்துவிட்டது. திரு. ஆர்க்கட் பார்த்துவிட்டு, "அட, கடல்ல பனி மூட்டம் போட்டிருக்கியே, நல்லாருக்கே!" என்று பாராட்டினார்.

உன் வீட்டுக்காரரிடம் சொல், எனக்கு ஆள் பார்க்கத் தெரியவில்லை என்று. கால்களுக்கு நடுவே குனிந்து பார்த்து என் கொடியைத் தேடிய மனிதர் அவர் ஒருவர்தான். அவரை வீட்டில் எப்படிக் கூப்பிடுகிறார்கள்? "மாப்பிள்ளை" என்று எழுதிப் பார்த்தேன். நன்றாகத்தான் இருக்கிறது.

திருமதி ட்ரெவெனாவுக்கும் வெய்க்கோவுக்கும் நன்றி. வாத்துக்குக் குட் மார்னிங் சொல்கிறவரை நேரில் பார்க்க வேண்டும் போலிருக்கிறது.

மின்னா


காப்பர் பெண்ட்
அக்டோபர் 24, 1909

அன்புள்ள அக்கா,

காப்பி யந்திரத்தை வைக்கோல் வைத்துக் கட்டி நேற்று ரயிலில் அனுப்பிவிட்டேன். நான் திருமதி ட்ரெவெனாவின் யந்திரத்தில் அரைத்துக்கொள்கிறேன். அவள் கூடவே வந்து குடித்துவிட்டும் போகிறாள்.

உருளைக்கிழங்கை முதல் நாளே வேகவைத்தேன். உருண்டை உடையவில்லை. எம்ரிஸ் முள்கரண்டியால் குத்தினார், அது தட்டிலிருந்து எகிறிக் குதித்து ஓடியது. "பழைய சூப்தான் நல்லாருந்துச்சு" என்கிறார். இனி உங்கள் இருவருக்கும் பிடிக்கிற மாதிரி என்னால் சமைக்க முடியாது.

முக்கியமான சேதி: நாம் இருவரும் பத்திரிகையில் வந்துவிட்டோம்! திருமதி ட்ரெவெனா சொன்னது எங்கள் ஊர்ப் பத்திரிகைக்காரர் காதில் விழுந்து, வீட்டுக்கு வந்து கரடியைப் பார்த்துவிட்டுப் போனார். "சுவர்களில் கிடைத்த அக்கா" என்று தலைப்பு. உன் பெயரும் இருக்கிறது. இரண்டு ஊர்ப் பத்திரிகைகள் அதை அப்படியே எடுத்துப் போட்டிருக்கின்றனவாம். நறுக்கு ஒன்று உள்ளே வைத்திருக்கிறேன். பெருமையாக இருக்கிறது!

ஹெட்டி


புரூக்ளின்
நவம்பர் 2, 1909

ஹெட்டி,

நறுக்கு உன் கடிதத்துக்கு முன்பே இங்கே வந்துவிட்டது, எங்கள் பத்திரிகை ஆசிரியரின் மேசைக்கு. "குடும்பச் சண்டையை நடத்த என் பத்திரிகைதான் கிடைச்சுதா?" என்று கேட்டார். கொடிகளை என்னிடமிருந்து எடுத்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமை மேலே வரச் சொல்லியிருக்கிறார். வேலை இருக்குமா என்று தெரியவில்லை.

ஊரைக் கூட்டிச் சொல்லத்தான் வேண்டுமா?

மின்னா


காப்பர் பெண்ட்
நவம்பர் 9, 1909

அன்புள்ள அக்காவுக்கு,

நான் முட்டாள். சந்தோஷம் வந்தால் எனக்கு வாயை மூடத் தெரியாது. இது உனக்கு முதலிலேயே தெரியும், எனக்குத்தான் இப்போது தெரிகிறது.

ஆசிரியருக்குத் தனியாக எழுதியிருக்கிறேன். தப்பு என்னுடையது, அக்காவைக் கேட்காமல் பேசியது நான், திட்டுவதானால் என்னைத் திட்டுங்கள் என்று. எம்ரிஸும் ஒரு கடிதம் எழுதினார். "பானை நான்தான். எனக்கு ஆட்சேபம் இல்லை" என்று இரண்டே வரி. திருமதி ட்ரெவெனாவும் எழுதினாள். அதைத் தபாலில் சேர்க்க வேண்டாம் என்று கெஞ்சிப் பார்த்தேன், சேர்த்துவிட்டாள். வெய்க்கோ அடுத்த வருஷத்து வாக்கியத்தை இப்போதே செலவழித்திருக்கிறார்: "வாத்து நல்ல வாத்து."

அவர்கள் உன்னை அனுப்பிவிட்டால் இங்கே வந்துவிடு. சின்ன வீடு, குளிர் அதிகம். ஆனாலும் வா.

இன்னொன்று சொல்ல வேண்டும். முதல் கடிதத்திலேயே சொல்லியிருக்க வேண்டியது, அப்போது கோபம். அடுத்ததில் சொல்லியிருக்கலாம், வெட்கம். நான் முழுகாமல் இருக்கிறேன், அக்கா. கிறிஸ்துமஸையொட்டி என்கிறாள் மருத்துவச்சி. வயிறு இப்போதே அடுப்புக்கும் மேசைக்கும் நடுவில் நுழைய மாட்டேன் என்கிறது. பகலில் எல்லோரோடும் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறேன். தனியாக உட்கார்ந்தால் பயமாக இருக்கிறது. அம்மா இருந்திருந்தால் கேட்டிருப்பேன். எனக்குக் கேட்க வேறு யார் இருக்கிறார்கள், உன்னைத் தவிர?

வேலை போகாவிட்டால் உன்னால் வர முடியாது என்று தெரியும். போகக்கூடாது என்றுதான் வேண்டிக்கொள்கிறேன். ஆனால் முழு மனதோடு வேண்டிக்கொள்ள முடியவில்லை.

ஹெட்டி


புரூக்ளின்
நவம்பர் 20, 1909

என் அருமை ஹெட்டி,

உட்கார்ந்து படி. உன் நிலைமையில் நின்றுகொண்டு படிக்க வேண்டாம்.

அந்த வெள்ளிக்கிழமை மேலே போனேன். ஆசிரியர் நறுக்கை நீட்டிப் பேசத் தொடங்கினார். கதவைத் தட்டாமல் திரு. ஆர்க்கட் உள்ளே வந்தார், விரலெல்லாம் மை. "கொடி போட வேண்டியது நான். சோம்பேறித்தனத்துல இவங்க தலையில கட்டினேன். அனுப்பறதுன்னா என்னைத்தான் அனுப்பணும்" என்றார். ஆசிரியர் அவரை உட்காரச் சொன்னார். அவர் உட்காரவில்லை.

விஷயம் ஒரு வாரம் அப்படியே கிடந்தது. கொடிகளை வேறொருவரிடம் கொடுத்தார்கள். அவன் பாவம், நல்ல பையன்தான், எல்லா நாட்டுக்கும் மூன்று பட்டைக் கொடி போட்டான். அதற்குள் தபால் வரத் தொடங்கியது. சாக்குச் சாக்காக. மொன்டானா நறுக்கு எங்கெங்கோ பரவியிருக்கிறது. நெப்ராஸ்காவிலிருந்து ஒரு விவசாயி எழுதுகிறார்: மனைவியை அடக்கம் செய்த வாரம் ஒற்றைத் தலையணைக் கொடி வந்ததாம், வெட்டி எடுத்துப் பைபிளுக்குள் வைத்திருக்கிறாராம். ஒஹாயோவில் ஒரு டீச்சர், அந்தப் பானை தன் பள்ளித் தலைமை ஆசிரியர்தான் என்று இத்தனை நாளும் நம்பியிருக்கிறாள். ஒருத்தி கரடிக் கொடியைத் தம்பிக்கு அனுப்பி வைத்தாளாம், அவன் அடுத்த ரயிலில் வந்து நின்றானாம். நான் உனக்கு ஒருத்திக்குத்தான் எழுதினேன், ஹெட்டி. யார் யாரோ தங்களுக்கு வந்ததாக எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

நேற்று ஆசிரியர் மறுபடி கூப்பிட்டார். திருமதி ட்ரெவெனாவின் கடிதம் மேலாக இருந்தது, அதைக் கொஞ்சம் தள்ளித்தான் வைத்திருந்தார். "இனிமே கொடிக்குக் கீழே உன் பேரைப் போட்டுக்கோ. திட்டுறவங்க நேரா உன்னையே திட்டட்டும்" என்றார். அவர் சிரித்து நான் பார்த்ததில்லை, அதனால் அது சிரிப்புதானா என்று நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

என் பெயர், ஹெட்டி! எறும்பு அளவு எழுத்தில். இருந்தாலும் என் பெயர்.

நான் உடனே கேட்டுவிட்டேன்: "எனக்கு லீவு வேணும். தங்கச்சிக்குப் பிரசவம்." கேட்ட வேகத்தில் எனக்கே பயமாகிவிட்டது. கொடியை யார் போடுவது என்றார் ஆசிரியர். திரு. ஆர்க்கட் அங்கேயே ஒரு தாளை எடுத்து, நான் இல்லாத வாரங்களுக்கான முதல் கதையை வரைந்து காட்டினார். கேப்டன் ட்விக் ஒரு கரையில் இறங்குகிறார். கம்பம் இருக்கிறது, கொடி இல்லை. "என்னய்யா, கொடியைக் காணோம்?" என்று கேட்கிறார். காவல்காரன் சொல்கிறான்: "கொடி போடுறவங்க தங்கச்சி வீட்டுக்குப் போயிருக்காங்க. வர்ற வரைக்கும் இந்த நாட்டுல யாரும் சண்டை போடக் கூடாதுன்னு உத்தரவு."

ஆசிரியர் அதைப் பார்த்தார். இந்தத் தடவை சிரிப்புதான்.

டிசம்பர் முதல் வாரத்தில் கிளம்புகிறேன். எனக்குத் தரையில் படுக்கை போதும். பயப்படாதே. நான் வந்து சேரும் வரை கனமான எதையும் தூக்காதே, ஏணியில் ஏறாதே, யார் வீட்டுச் சுவரையும் உரிக்காதே.

உன் அக்கா
மின்னா


காப்பர் பெண்ட்
டிசம்பர் 9, 1909
(ரயில் நிலையத்துக்கு எம்ரிஸ் கையில் கொடுத்தனுப்பியது)

அக்கா,

பென்சிலால், படுத்துக்கொண்டே எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருக்கும். உன்னை அழைக்க நான் வராததற்குக் காரணம் இருக்கிறது. நேற்றுக் காலை, யாரும் எதிர்பார்க்காத நேரத்தில், பிறந்துவிட்டது. நான் நன்றாக இருக்கிறேன். திருமதி ட்ரெவெனா போட்ட சத்தத்தில் நான் கத்தியது யாருக்கும் கேட்கவில்லை.

எம்ரிஸிடம் எதுவும் கேட்காதே. வாயைத் திறக்கக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறேன். நிலையத்திலிருந்து வீடு வரைக்கும் அவர் வானிலையைப் பற்றி மட்டும்தான் பேசுவார். நீ கதவைத் திறந்து உள்ளே வரும்போது உன் முகம் எப்படிப் போகிறது என்று நான் பார்க்க வேண்டும், அதற்காகத்தான் இவ்வளவு ஏற்பாடும்.

ஆனால் அதுவரை என்னால் பொறுக்க முடியாது. சொல்லிவிடுகிறேன்.

இரண்டு, அக்கா! ஒரு பெண், ஒரு பையன். மருத்துவச்சிக்கே தெரியவில்லை. முதலில் பெண் வந்தாள், எம்ரிஸ் தொப்பியைத் தூக்கிப் போட்டார். அது கீழே வந்து விழுவதற்குள் இவன். அவர் இன்னும் தொப்பியைத் தேடி எடுக்கவில்லை. இரண்டும் ஒரே நேரத்தில் அழுகின்றன, ஒரே நேரத்தில் தூங்குகின்றன, நடுவில் படுத்துக்கொண்டு நான் சும்மா சிரித்துக்கொண்டிருக்கிறேன்.

இப்போது இந்தக் கடிதத்தை மடித்துப் பையில் போட்டுக்கொள். உள்ளே வரும்போது ஒன்றும் தெரியாத மாதிரி முகத்தை வைத்துக்கொள். உனக்கு அது வராது. வேகமாக நட.

ஹெட்டி